பங்காளி என்றாலும் இதில் பங்கு இல்லை! - 'சுந்தரபாண்டியன்' சொன்ன நட்புக் கணக்கு

மதுரைப் பக்கம் நண்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் குறைவு. 'மாப்ள', 'மச்சான்', 'பங்காளி' என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றுமே உறவுமுறைச் சொற்கள். அப்படி உறவாகிப்போன நண்பர்களுக்கு நடுவே ஒரு காதல் வந்து நின்றால் என்ன ஆகும்?

அதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்ல ஆரம்பித்து, கடைசியில் வயிற்றைப் பிசைய வைத்த படம் 'சுந்தரபாண்டியன்'. 2012 செப்டம்பர் 14 அன்று ரிலீஸானது. இன்றும் டி.வி-யில் போட்டால் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுகிறோம். ஆனால் இப்போது பார்க்கும்போது, அன்று நாம் சிரித்துவிட்டுக் கடந்த ஒரு விஷயம் உறுத்துகிறது.

(இன்னும் பார்க்காதவர்கள் கவனத்துக்கு... கதை கொஞ்சம் வெளியே வரும்!)

உசிலம்பட்டி பஸ்ஸில் ஒரு காதல்

மதுரையிலிருந்து தேனி போகும் சாலையில், சுமார் 40 கிலோமீட்டரில் வரும் ஊர் உசிலம்பட்டி. சினிமா இந்த ஊர்ப் பக்கம் கேமராவைத் திருப்பினாலே அரிவாளைத்தான் தேடும். இயக்குநர் எஸ்.ஆர்.பிரபாகரனோ முதல் பாதியில் பஸ்ஸைத் தேடினார். தினமும் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்வரும் பெண், அவளைப் பார்ப்பதற்காகவே ஏறும் பையன்கள், அவர்களுக்குத் துணையாக ஏறும் நண்பர்கள். கூடவே சூரியின் வாய். பாதிப் படம் இப்படியே கலகலவென்று ஓடிவிடும்.

அர்ச்சனாவை (லட்சுமி மேனன்) அறிவு (இனிகோ பிரபாகரன்) விரும்புகிறான். உதவிக்கு வருகிறான் நண்பன் சுந்தரபாண்டியன் (சசிகுமார்). அவனும் ஒரு காலத்தில் அதே பெண்ணை விரும்பியவன்தான். நண்பனுக்காக அதை மனதுக்குள் மடித்து வைத்துக்கொள்கிறான். இதற்கிடையே புவனேஸ்வரன் (அப்புக்குட்டி) என்று இன்னொருவனும் அவள் பின்னால் சுற்றுகிறான்.

சண்டை வேண்டாமே என்று ஒரு ஒப்பந்தம் போடுகிறார்கள். குறிப்பிட்ட நாள்கள் வரை புவனேஸ்வரன் முயற்சி செய்யலாம். நடக்கவில்லையென்றால் அடுத்து அறிவு. தியேட்டரே சிரித்த இடம் இது. கடைசியில் அர்ச்சனாவோ, "எனக்குப் பிடித்தது சுந்தரபாண்டியனைத்தான்" என்று சொல்லிவிடுகிறாள். அறிவு சிரித்த முகத்தோடு விலகிக்கொள்கிறான். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்பதுதான் மீதிப் படம்.

எதில் பங்கு கேட்கிறோம்?

'காதல் வந்து நட்பைக் கெடுத்துவிட்டது' என்றுதான் பொதுவாக இந்தக் கதையைச் சொல்வோம். யோசித்துப் பார்த்தால், இங்கே காதல் யாரையும் கெடுக்கவில்லை. கெடுத்தது அந்த ஒப்பந்தம். இவனுக்கு இத்தனை நாள், அடுத்து அவன் என்று ஆண்கள் பிரித்துக்கொண்டபோது, சம்பந்தப்பட்டவளை யாருமே கேட்கவில்லை. கேட்காமலே 'அவள் நம்ம ஆளு' என்று ஆகிவிட்டது. அதனால்தான் அவள் வேறொருவனைத் தேர்ந்தெடுத்ததும், தன் பங்கை நண்பன் தட்டிப் பறித்துவிட்டான் என்று தோன்றுகிறது.

பங்காளி என்றால் பங்குக்கு உரியவன். வயலிலும் வீட்டிலும் அந்தக் கணக்கு செல்லும். ஒருத்தியின் மனசில் செல்லாது.

ஒரே பெண்ணை நண்பர்கள் சுற்றுவது தமிழ் சினிமாவுக்குப் புதிதல்ல. 1981-லேயே கே.பாக்யராஜ் 'இன்று போய் நாளை வா' எடுத்தார். மூன்று நண்பர்கள், ஒரே பெண், மறக்க முடியாத இந்தி டியூஷன் காமெடி. 'சுந்தரபாண்டியன்' அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு, அது புளித்தால் என்ன ஆகும் என்றும் காட்டியது.

இதற்கு முன் சசிகுமார் இயக்கி நடித்த 'சுப்ரமணியபுரம்' (2008), 1980-களின் மதுரையை வைத்து நட்பின் துரோகத்தை இருட்டாகச் சொன்னது. அதே வலியை வெயிலில் நிறுத்திய படம் என்று 'சுந்தரபாண்டிய'னைச் சொல்லலாம்.

பஸ்ஸுக்குப் பின்னால் வந்த சட்டம்

படம் வந்து சில மாதங்களில், 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் நடந்த கொடூரம் நாட்டையே உலுக்கியது. அதைத் தொடர்ந்து 2013-ல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது. விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் அவளைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது தனிக் குற்றமானது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவில் அது இருக்கிறது. முதல் முறை தண்டனை பெற்றால் மூன்று ஆண்டுகள் வரை சிறை.

அந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள். நமக்குக் காமெடியாகத் தெரிந்த அந்தப் பஸ் பயணம், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அர்ச்சனாவுக்கு எப்படி இருந்திருக்கும்?

அதற்காகப் படத்தை ஒதுக்க வேண்டியதில்லை. அர்ச்சனா தன் விருப்பத்தைத் தானே வாய்விட்டுச் சொல்கிறாள். கதையே அங்கேதான் திரும்புகிறது. லட்சுமி மேனனுக்கு இந்தப் படத்துக்கும் 'கும்கி'க்கும் சேர்த்துத் தமிழக அரசின் சிறந்த நடிகை விருது கிடைத்தது. வில்லனாக வந்த விஜய் சேதுபதிக்கும் அரசு விருது. அடுத்த மாதமே 'பீட்சா' வெளியாகி அவரது பாதையே மாறியது. கன்னடத்தில் யஷ் நடிக்க 'ராஜா ஹுலி'யாகவும், தெலுங்கில் 'ஸ்பீடுன்னோடு' ஆகவும் இந்தக் கதை ஊர் தாண்டியது. நண்பன் மேல் வரும் பொறாமைக்கு மொழி ஏது?

இந்த வார இறுதியில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து இன்னொரு முறை பார்க்கலாம். காலேஜ் போகும் பிள்ளைகள் இருந்தால் அவசியம் பக்கத்தில் உட்கார வையுங்கள். அந்த ஒப்பந்தக் காட்சி வரும்போது மட்டும் ரிமோட்டில் பாஸ் பட்டனை அழுத்திவிட்டுக் கேளுங்கள்: "இதுல அந்தப் பொண்ணுகிட்ட யாராவது கேட்டாங்களா?"