ஆபீஸ் போக ஒரு கார்: மைலேஜைப் பார்க்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க

முதல் கார் வாங்கலாம்னு முடிவு பண்ணின உடனே வீட்டுல வர்ற முதல் கேள்வி ஒண்ணுதான்: "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" கேள்வி தப்பில்லை. ஆனா லோன் போட்டு புது கார் வாங்குற ஒரு சம்பளக்காரருக்கு, காருக்குன்னு போற மாசச் செலவுல பெட்ரோல் மூணுல ஒரு பங்குகூட வராது. மீதி ரெண்டு பங்கைப் பத்தி ஷோரூம்ல யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. இன்னைக்கு அதையும் சேர்த்தே பார்த்துடுவோம்.

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். தாம்பரத்துல வீடு, சோழிங்கநல்லூர் பக்கம் ஆபீஸ். ஒரு வழி சுமார் 20 கி.மீ. தினமும் ஆபீஸ் போறவர்னா மாசம் 22 நாள், 880 கி.மீ. கோயில், கடை, சொந்தக்காரங்க வீடு எல்லாம் சேர்த்தா 1000 கி.மீ. வாரத்துக்கு மூணு நாள் மட்டும் ஆபீஸ் போறவர்னா மொத்தமே 600 கி.மீ.தான் வரும். இந்த 1000, 600 ரெண்டையும் மனசுல வச்சுக்கோங்க. சிஎன்ஜியா, மின்சாரமா, பெட்ரோலான்னு முடிவு பண்ணப் போறது இந்த எண்தான்.

பிரோஷர்ல இருக்குற மைலேஜ்

சின்ன பெட்ரோல் கார்களோட அறிவிக்கப்பட்ட மைலேஜைப் பாருங்க. வேகன்ஆர் 1 லிட்டர் மேனுவல் 24.35. ஆல்டோ கே10 கிட்டத்தட்ட அதே அளவு. 2024ல வந்த ஸ்விஃப்ட் 24.8, டிசையர் 24.79. செலேரியோ ஏஎம்டி மட்டும் 26.68 வரைக்கும் போகுது. எல்லாமே 24க்கும் 27க்கும் நடுவுலதான். இதுல எது அதிகம்னு ராத்திரி முழுக்க வீடியோ பார்த்து (எங்க வீடியோவும் சேர்த்துத்தான் சொல்றேன்) மண்டையை உடைச்சுக்குறது வீண் வேலை.

இந்த எண் எல்லாம் உருளை மேல வண்டியை நிறுத்தி ஓட்டிப் பார்த்து வர்றது. அந்த டெஸ்ட்ல வேகம் 90 கி.மீ.யைத் தாண்டாது, ஏசி ஓடாது, மேடவாக்கம் சிக்னலும் கிடையாது. மே மாசம் ஏசியை முழுசா வச்சுக்கிட்டு முதல் கியர், ரெண்டாவது கியர்லயே ஊர்ந்து போற நம்ம ஓட்டத்துக்கு 15லேர்ந்து 18 வரைக்கும் வரும்னு பட்ஜெட் போடுங்க. அதுக்கு மேல வந்தா லாபம்.

பெட்ரோலை 101 ரூபாய்னு வச்சுப்போம். 15 கொடுக்குற வண்டிக்கும் 18 கொடுக்குற வண்டிக்கும் 1000 கி.மீ.ல வர்ற வித்தியாசம் மாசம் 1,120 ரூபாய். 600 கி.மீ. ஓட்டுறவருக்கு 670 ரூபாய்தான். "மைலேஜ் அதிகம்"னு சொல்லி 60,000 ரூபாய் கூடுதல் விலைக்கு உங்களை ஒருத்தர் நகர்த்தப் பார்த்தா, அந்தக் காசு திரும்பி வர 600 கி.மீ.காரருக்கு ஏழு வருஷத்துக்கு மேல ஆகும்.

இ20 பெட்ரோல் பத்தியும் ஒரு வார்த்தை. 20 சதவீதம் எத்தனால் கலந்தா மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். 2021ல வந்த நிதி ஆயோக் திட்ட அறிக்கை, இ20க்காக டியூன் பண்ணாத பழைய கார்கள்ல 6 முதல் 7 சதவீதமும், அதுக்கேத்த மாதிரி அமைச்ச கார்கள்ல 1 முதல் 2 சதவீதமும் குறையலாம்னு சொன்னது. புது கார் வாங்குறவங்க இதை நினைச்சு தூக்கத்தைக் கெடுத்துக்க வேண்டாம். பழைய கார் பார்க்குறவங்களுக்கு இது முக்கியம், கீழே வருது.

என்னைக் கேட்டா, தினமும் ஓஎம்ஆர் டிராஃபிக்ல போற ஆளுக்கு ஒரு கி.மீ. மைலேஜ் வித்தியாசத்தை விட ஏஎம்டி கியர் பெரிய விஷயம். மைலேஜ் மேனுவலை விடக் குறையாது, பல மாடல்ல ஒரு படி கூடவே சொல்றாங்க. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது இடது கால் முட்டி உங்களுக்கு நன்றி சொல்லும். கூடுதலா வர்ற அரை லட்சத்தை நான் வீண் செலவாப் பார்க்க மாட்டேன்.

மாசக் கணக்கு

இப்ப நிஜமான கணக்கு. ஆன்-ரோடு 7.2 லட்சம் வர்ற ஒரு கார். கையிலேர்ந்து 1.2 லட்சம், லோன் 6 லட்சம். 9.5 சதவீத வட்டி, 5 வருஷம்னா இஎம்ஐ 12,600 ரூபாய். 1000 கி.மீ.க்கு லிட்டருக்கு 17 கி.மீ. வீதம் பெட்ரோல் 5,950. இன்சூரன்ஸை மாசத்துக்குப் பிரிச்சா 1,650. சர்வீஸ், டயர், பேட்டரிக்குன்னு சராசரியா 1,000. மொத்தம் 21,200 ரூபாய். பார்க்கிங், சுங்கம், பம்பர்ல விழுற கீறல் எதுவும் இதுல சேரலை.

கைக்கு 45,000 வர்ற ஒருத்தர் இதை வாங்கினா சம்பளத்துல கிட்டத்தட்ட பாதி காருக்கே போயிடும். வாடகையும் ஊருக்கு அனுப்புற பணமும் போக எஸ்ஐபி போட என்ன மிஞ்சும்? ஒரே ஒரு மாசம் வேலை இல்லாமப் போனா அந்த இஎம்ஐயை எதை வச்சுக் கட்டுவீங்க?

"அப்ப லோனை 7 வருஷமாக்கிடலாம் சார், இஎம்ஐ 9,800தான்"னு சொல்வாங்க. சரிதான். ஆனா வட்டி மட்டும் 1.56 லட்சத்துலேர்ந்து 2.24 லட்சமா ஏறும். ஏழாவது வருஷம் பழைய காருக்கு நீங்க இஎம்ஐ கட்டிட்டு இருப்பீங்க.

அமெரிக்காக்காரங்க சொல்ற 20-4-10 விதியை நிறைய பேர் அப்படியே இங்க சொல்றாங்க: 20 சதவீதம் முன்பணம், 4 வருஷ லோன், மொத்த கார் செலவு வருமானத்துல 10 சதவீதம். நம்ம சம்பளத்துக்கும் நம்ம கார் விலைக்கும் அந்தப் பத்து ஒத்து வராது. நான் வச்சிருக்குற எல்லை 25 சதவீதம், அதுவும் இஎம்ஐ, பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேர்த்து. அப்படின்னா மேலே சொன்ன கார் கைக்கு 85,000 பக்கம் வாங்குறவருக்கான கார். கேட்க கசப்பா இருக்கும், ஆனா கணக்கு அப்படித்தான் வருது.

சிஎன்ஜி யாருக்கு?

சிஎன்ஜி மாடலுக்கு பெட்ரோலை விட சுமார் 95,000 கூடுதல். அதுக்கும் 13 சதவீத சாலை வரி சேர்த்தா 1.07 லட்சம். வேகன்ஆர் சிஎன்ஜிக்கு அறிவிக்கப்பட்ட மைலேஜ் கிலோவுக்கு 34.05. நம்ம ஊர் ஓட்டத்துல 24 வரும்னு வச்சுப்போம். கிலோ 90 ரூபாய்னா கி.மீ.க்கு 3.75 ரூபாய். பெட்ரோல்ல 5.94. மிச்சம் கி.மீ.க்கு 2.19.

1000 கி.மீ.காரருக்கு போட்ட காசு திரும்ப நாலு வருஷம் ஆகும். 600 கி.மீ.காரருக்கு கிட்டத்தட்ட ஏழு வருஷம். அதாவது வாரம் மூணு நாள் ஆபீஸ் போற ஆளு சிஎன்ஜி வாங்கினா, மிச்சம் பிடிக்க ஆரம்பிக்கும்போது வண்டியை விக்கிற நேரம் வந்திருக்கும். திருப்போரூர்லேர்ந்தோ செங்கல்பட்டுலேர்ந்தோ தினமும் வந்து போற, மாசம் 1,500 கி.மீ. ஓட்டுற ஆளா? யோசிக்கவே வேண்டாம், ரெண்டே முக்கால் வருஷத்துல திரும்பிடும்.

ஆனா உங்க வழியில, திருப்பம் எதுவும் போடாம சிஎன்ஜி பங்க் இருக்கான்னு முதல்ல பாருங்க. எதிர்த்திசையில 6 கி.மீ. போய் அரை மணி நேரம் வரிசையில நிக்கிறதெல்லாம் மிச்சக் கணக்குல வராது. சிலிண்டரை மூணு வருஷத்துக்கு ஒரு தடவை அழுத்த சோதனைக்குக் கொடுக்கணும். டிக்கியும் போயிடும். பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப பையை மடியிலதான் வச்சுக்கணும். டாடா, ஹூண்டாய் மாடல்கள்ல ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதிலா ரெண்டு சின்ன சிலிண்டரைக் கீழே படுக்க வச்சு இடத்தைக் கொஞ்சம் மீட்டுக் கொடுக்குறாங்க.

டீசல்? இந்த விலையில ஹேட்ச்பேக்னா ஆல்ட்ரோஸ் தவிர வேற ஒண்ணும் இல்லை. மாசம் 1000 கி.மீ.க்கு அது தேவையும் இல்லை.

மின்சார கார், ஒரு தமிழ்நாட்டுக் கணக்கு

டியாகோ இவி மாதிரி சின்ன வண்டி ஒரு யூனிட்டுக்கு 8 கி.மீ. ஓடும்னு வச்சுப்போம். 1000 கி.மீ.க்கு 125 யூனிட். நம்ம ஊர்ல கரண்ட் பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை, அதனால 250 யூனிட் கூடும். இங்கதான் கவனிக்கணும். வீட்டுல ஏற்கெனவே 300 யூனிட் ஓடுதுன்னா இப்ப 550 ஆயிடும். 500 யூனிட்டைத் தாண்டினா மேல இருக்குற யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல விலை, அதோட கீழ்ப் படியில இருந்த சலுகை விலையும் போயிடும். சரி, யூனிட்டுக்கு 9 ரூபாய்னே போடுங்க. அப்பவும் கி.மீ.க்கு 1.13 ரூபாய்க்குள்ளதான் வரும். பெட்ரோல் பக்கத்துலகூட வராது.

அதே அளவு பெட்ரோல் காரை விட மூணு லட்சம் கூடுதல் கொடுக்குறதா வச்சா, 1000 கி.மீ.காரருக்கு அஞ்சு வருஷத்துல திரும்பும். சாலை வரி விலக்கு கிடைச்சா இன்னும் சீக்கிரம். அந்த விலக்கை அரசு தவணை தவணையா நீட்டிக்குது, நீங்க வாங்குற தேதியில இருக்கான்னு ஆர்டிஓ தளத்துல பார்த்துக்கோங்க.

வாடகை வீட்டுல இருக்குறவங்களுக்கு ஒரே கேள்வி: கார் நிக்கிற இடத்துல, உங்க மீட்டர்லேர்ந்து 16 ஆம்பியர் பிளக் போட ஹவுஸ் ஓனர் சம்மதிப்பாரா? சம்மதிக்கலைன்னா இந்தக் கணக்கு மொத்தமும் அடிபட்டுப் போயிடும். வெளியில வேகமா சார்ஜ் பண்ற விலை வேற கதை. வீட்டுல இருக்குற ஒரே வண்டி இதுதான்னா இன்னொண்ணும் யோசிங்க. சின்ன பேட்டரில ஒரே சார்ஜ்ல திருச்சி போய்ச் சேர முடியாது.

ஆன்-ரோடு விலைச் சீட்டு

2025 செப்டம்பர் 22லேர்ந்து சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம் பிளஸ் செஸ்ல இருந்து 18 சதவீதமா குறைஞ்சது. நாலு மீட்டர் நீளத்துக்குள்ள, பெட்ரோலா இருந்தா 1200 சிசிக்குள்ள இருக்குற வண்டிகளுக்கு இது பொருந்தும். நல்ல செய்திதான். ஆனா "விலைதான் குறைஞ்சுதே"ன்னு ரெண்டு வேரியண்ட் மேல தாவினவங்க நிறைய பேர்.

தாவுறதுக்கு முன்னாடி தமிழ்நாட்டு சாலை வரியைப் பாருங்க. 2023 நவம்பர்லேர்ந்து 5 லட்சம் வரைக்கும் 12 சதவீதம், 10 லட்சம் வரைக்கும் 13, அதைத் தாண்டினா 18. விலை 9.95 லட்சம்னா வரி 1.29 லட்சம். 10.05 லட்சம்னா 1.81 லட்சம். பத்தாயிரம் ரூபாய் வித்தியாசத்துல சன்ரூஃப் கிடைக்குதுன்னு ஆசைப்பட்டா, வரில அம்பதாயிரத்துக்கு மேல போகும்.

இன்சூரன்ஸ்ல மூணாம் நபர் பகுதி மூணு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டணும். 2022 விகிதப்படி 1000 சிசி வரைக்கும் 6,521 ரூபாய், 1500 சிசி வரைக்கும் 10,640. இது எந்தக் கம்பெனியிலயும் ஒண்ணுதான். பேரம் பேச இடம் இருக்குறது சொந்தச் சேதப் பகுதியில. டீலர் கொடுக்குற தொகையை வாங்கிட்டு, அதே ஐடிவிக்கு ஆன்லைன்ல எவ்வளவுன்னு பாருங்க. டீலர்கிட்டதான் எடுக்கணும்னு கட்டாயம் எதுவும் இல்லை. "ஹேண்ட்லிங் சார்ஜ்"னு ஒரு வரி இருந்தா அடிக்கச் சொல்லுங்க.

மிச்சப்படுத்துறேன்னு பாதுகாப்பை மட்டும் அடிக்காதீங்க. குளோபல் என்சிஏபி சோதனைல வேகன்ஆர் 2023ல ஒரு ஸ்டார்தான் வாங்கிச்சு, ஆல்டோ கே10 ரெண்டு. அப்ப அதுல ரெண்டு ஏர்பேக், 2025ல ஆறு ஏர்பேக் கொண்டு வந்தாங்க. டியாகோ 2020ல நாலு ஸ்டார். 2024 டிசையர் அஞ்சு ஸ்டார். மைலேஜ் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்குற ரெண்டு வண்டில எதை எடுக்குறதுன்னு குழம்பினா, இதை வச்சு முடிவு பண்ணுங்க.

45,000 சம்பளத்துக்கு வழி இல்லையா?

இருக்கு. பழைய கார். 3.5 லட்சத்துக்கு ஒரு நல்ல பெட்ரோல் ஹேட்ச்பேக், கையிலேர்ந்து 1.5 லட்சம், 2 லட்சம் லோன். பழைய காருக்கு வட்டி கூட, 12 சதவீதம்னு வச்சாலும் மூணு வருஷத்துக்கு இஎம்ஐ 6,640. 600 கி.மீ.க்கு பெட்ரோல் 3,560. இன்சூரன்ஸ், சர்வீஸ் 1,800. மொத்தம் 12,000. சம்பளத்துல 27 சதவீதம். என் எல்லையைக் கொஞ்சம் தாண்டுது, ஆனா தாங்கும். தமிழ்நாட்டுப் பதிவு வண்டியா இருந்தா ஆயுள் வரி ஏற்கெனவே கட்டியாச்சு. முதல் ஓனர் தலையில விழுந்த தேய்மானமும் உங்களுக்கு இல்லை.

முடிஞ்ச வரைக்கும் 2023 ஏப்ரலுக்கு அப்புறம் தயாரான வண்டியாப் பாருங்க, எரிபொருள் குழாய், ரப்பர் பாகம் எல்லாம் இ20க்குத் தாங்குற மாதிரி வந்தது அப்பத்திலேர்ந்துதான். அந்த விலையில கிடைக்கலைன்னா அதுக்கு முந்தினதை எடுக்கலாம், மெக்கானிக்கை விட்டு அந்தப் பாகங்களைப் பார்க்கச் சொல்லுங்க. ஓடின கி.மீ.யை மீட்டர்ல பார்க்காதீங்க, சர்வீஸ் ரெக்கார்டுல பாருங்க. நிலுவை அபராதம் இருக்கான்னு பரிவாஹன்ல தேடுங்க. லோன் இருந்த வண்டின்னா பேங்க் என்ஓசியும் படிவம் 35ம் கையில வராம மீதிப் பணத்தைக் கொடுக்காதீங்க. பெயர் மாத்த படிவம் 29, 30. பழைய ஓனரோட நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அதைச் சொல்லி விலையை ஏத்தினா சிரிச்சுட்டு நகருங்க.

புதுசோ பழசோ, டெஸ்ட் டிரைவை ஞாயித்துக்கிழமை காலையில எடுக்காதீங்க. திங்கட்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு, உங்க ஆபீஸ் வாசல்லேர்ந்து கேளுங்க.