ஸ்டியரிங் உதறுகிறதா? திரையைக் காட்டச் சொல்லுங்கள்

கார் எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் கையில் நடுங்கத் தொடங்குகிறது. தொண்ணூறில் நன்றாகவே உதறுகிறது. கடைக்குக் கொண்டுபோனால், "அலைன்மென்ட் போட்டா சரியாயிடும் சார்" என்கிறார் ஒருவர். "ரோடு அப்படி, வண்டியில ஒண்ணும் இல்ல" என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் நான்கு டயரையும் மாற்றச் சொல்கிறார். எது உண்மை என்று தெரியாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு அதே உதறலோடு வீடு திரும்புகிறவர்கள் ஏராளம்.

வீல் பாலன்சிங் என்பது கடைக்காரரின் வாக்கை மட்டும் நம்பிச் செய்துகொள்ள வேண்டிய வேலையல்ல. செய்த வேலை சரியா இல்லையா என்பதை இயந்திரத்தின் திரையே எண்ணில் காட்டும். அந்த எண்ணைப் பார்க்கவும், சரியில்லை என்றால் மறுபடி செய்யச் சொல்லவும் பணம் கொடுக்கும் உங்களுக்கு முழு உரிமை உண்டு.

உதறல் எங்கிருந்து வருகிறது?

டயரும் ரிம்மும் சேர்ந்த சக்கரத்தில் எடை எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருப்பதில்லை. ஒரு பக்கம் சில கிராம் கூடுதலாக இருக்கும். அதை ஈடுகட்டத்தான் எதிர்ப்பக்கத்தில் சிறு எடைகளைப் பொருத்துகிறார்கள். இரும்பு ரிம்மில் விளிம்பில் அடித்து மாட்டுவார்கள். அலாய் வீலில் உட்புறம் ஒட்டுவார்கள். இந்த எடை கழன்று விழுந்தாலோ, பஞ்சருக்காக டயரைக் கழற்றி மாட்டினாலோ, டயர் ஒரு பக்கம் தேய்ந்தாலோ சமநிலை கெட்டுவிடும்.

சில கிராம் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். 14 அங்குல ரிம் உள்ள சிறிய கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அதன் சக்கரம் நொடிக்குச் சுமார் 15 முறை சுற்றுகிறது. ரிம்மின் விளிம்பில் வெறும் 30 கிராம் கூடுதலாக இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் 4 கிலோவுக்கு மேற்பட்ட எடை தொங்குவதற்குச் சமமான விசை சக்கரத்தை வெளியே இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இந்த விசை நான்கு மடங்காகும். தெருவில் போகும்போது தெரியாத குறை நெடுஞ்சாலையில் வெளிப்படுவது இதனால்தான்.

"நூறில் உதறுகிறது, அதற்கு மேல் போனால் நின்றுவிடுகிறது" என்று பலர் சொல்வதுண்டு. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் சக்கரத்தின் துடிப்பும் சஸ்பென்ஷனின் இயல்பான அதிர்வும் ஒத்துப்போவதால் அங்கே நடுக்கம் பெரிதாகிறது. அதைத் தாண்டினால் கைக்குத் தெரிவது குறையுமே தவிர, சக்கரத்தின் மீதான விசை கூடிக்கொண்டேதான் இருக்கும். வேகத்தைக் கூட்டித் தப்பிப்பது தீர்வல்ல.

கடைக்குப் போகும் முன் கவனிக்க வேண்டியவை

உதறல் எந்த இடத்தில், எந்த நேரத்தில் வருகிறது என்று குறித்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

• ஸ்டியரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன் சக்கரம். இருக்கையிலும் தரையிலும் தெரிந்தால் பெரும்பாலும் பின் சக்கரம்.

• பிரேக் பிடிக்கும்போது மட்டும் உதறினால் பிரேக் டிஸ்க்கைப் பார்க்கச் சொல்லுங்கள். பாலன்சிங்கால் அது தீராது.

• ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் உதறி, காலை எடுத்ததும் நின்றால் டிரைவ் ஷாஃப்ட் மூட்டுகளில் குறை இருக்கலாம்.

• முப்பது, நாற்பதிலேயே வண்டி தள்ளாடினால் ரிம் வளைந்திருக்கலாம், அல்லது டயரின் உள்ளடுக்கு பிரிந்திருக்கலாம்.

• வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலும், டயரின் ஓரம் மட்டும் தேய்ந்தாலும் அது பெரும்பாலும் அலைன்மென்ட் குறை. அலைன்மென்ட் என்பது சக்கரம் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது. பாலன்சிங் என்பது சக்கரத்தின் எடையைச் சரிசெய்வது. ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது. நைட்ரஜன் நிரப்புவதற்கும் உதறலுக்கும் தொடர்பே இல்லை.

மழைக்காலத்தில் மண் சாலையில் போய் வந்திருந்தால் முதலில் ரிம்மின் உட்புறத்தைக் கழுவுங்கள். காய்ந்து ஒட்டிய சேறே பல நேரம் காரணமாக இருக்கும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று உதறத் தொடங்கினால், பாதுகாப்பாக ஓரம் கட்டி நிறுத்துங்கள். வீல் நட்டு தளர்ந்திருக்கிறதா, டயரின் பக்கவாட்டில் புடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். புடைப்பு என்றால் உள்ளிருக்கும் இழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். அந்த டயர் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். எந்த எடையும் அதைக் காப்பாற்றாது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் போங்கள்.

உடனே ஆபத்து தெரியாவிட்டாலும், உதறலோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் டயர் திட்டுத்திட்டாகத் தேயும். உள்ளங்கையை டயரின் மேல் தடவிப் பார்த்தால் மேடு பள்ளம் தெரியும். வீல் பேரிங், பால் ஜாயின்ட், டை ராட், ஷாக் அப்சார்பர் எல்லாம் சீக்கிரம் தளரும். சில நூறு ரூபாயில் முடியவேண்டிய வேலை பல ஆயிரத்தில் போய் நிற்கும்.

இயந்திரத்தில் நடக்க வேண்டியது

சக்கரத்தைக் கழற்றியதும் பழைய எடைகள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். அவற்றை விட்டுவிட்டு மேலும் மேலும் ஒட்டுவது அரைகுறை வேலை. டயரில் சிக்கிய கற்களை நீக்கி, காற்றழுத்தத்தைச் சரிபார்க்க வேண்டும். பிறகு இயந்திரத்தின் தண்டில் கூம்பு வடிவத் துண்டைக் கொண்டு சக்கரத்தை நட்ட நடுவில் இறுக்குவார்கள். அடுத்து மூன்று அளவுகளை உள்ளிடுவார்கள்: ரிம் இயந்திரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அதன் அகலம், அதன் விட்டம். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் திரையில் வரும் எண் தவறுதான்.

சக்கரம் சுழன்று நின்றதும் திரையில் இரண்டு எண்கள் தெரியும். உட்புறத்துக்கு எத்தனை கிராம், வெளிப்புறத்துக்கு எத்தனை கிராம் என்று அவை சொல்லும். 35, 20 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். அந்த எடைகளை இயந்திரம் காட்டும் இடத்தில் பொருத்திய பிறகு, கட்டாயம் இன்னொரு முறை சுழற்ற வேண்டும். அப்போது இரண்டு பக்கமும் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். இந்த இரண்டாம் சுழற்சியைத்தான் அவசரக் கடைகள் விட்டுவிடுகின்றன. "இன்னொரு தடவை சுத்திக் காட்டுங்கண்ணா" என்று கேளுங்கள். அது கூடுதல் வேலை அல்ல, அதே வேலையின் கடைசிப் பகுதி.

சந்தேகம் தீரவில்லையா? சக்கரத்தைத் தளர்த்தி, அரை வட்டம் திருப்பி, மறுபடி இறுக்கிச் சுழற்றச் சொல்லுங்கள். அப்போதும் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருந்தால் வேலை சுத்தம். 15, 20 என்று தாவினால் சக்கரம் நடுவில் உட்காரவில்லை, அல்லது இயந்திரத்துக்கே அளவுத் திருத்தம் தேவை.

ஒரே பக்கத்துக்கு 60, 80 கிராம் என்று கேட்டால் அடுக்கிக்கொண்டே போகவிடாதீர்கள். ரிம்மின் மேல் டயரைச் சற்றுத் திருப்பி மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். புது டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது எடை குறைந்த இடத்தைக் குறிக்கும். அதைக் காற்றடிக்கும் வால்வுக்கு நேராக வைத்து மாட்டுவது வழக்கம். வண்டியில் பூட்டும்போது நட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்க வேண்டும். கார் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்குவதே முறை.

பூஜ்ஜியம் வந்தும் உதறினால்

எடை சரியாக இருந்தும் சக்கரம் வட்டமாக இல்லாமல் இருக்கலாம். இயந்திரத்தில் மாட்டியபடியே ஒரு கம்பியை ரிம்மின் விளிம்புக்கு அருகில் அசையாமல் பிடித்து, சக்கரத்தை மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். இடைவெளி கூடியும் குறைந்தும் வந்தால் ரிம் வளைந்திருக்கிறது. டயரின் மேல்பரப்பிலும் இதேபோலப் பார்க்கலாம்.

முன் சக்கரங்களைப் பின்னால் மாற்றிப் பூட்டி ஓட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை. ஸ்டியரிங்கில் இருந்த உதறல் இருக்கைக்கு இடம் மாறினால் குறை அந்தச் சக்கரங்களில்தான். மாறவில்லை என்றால் ஹப், பேரிங், சஸ்பென்ஷன் பக்கம் தேட வேண்டும்.

உங்கள் உரிமையும் பரிகாரமும்

2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 டயர் கடைக்கும் பொருந்தும். பணம் வாங்கிக்கொண்டு அரைகுறையாகச் செய்த வேலை, சட்டத்தின் பார்வையில் சேவைக் குறைபாடு. பில் தராமல் இருப்பது நேர்மையற்ற வணிக நடவடிக்கை. சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்டும் கால் டாக்ஸி ஓட்டுநரும் இந்தச் சட்டப்படி நுகர்வோர்தான்.

ஆகவே பில் வாங்குங்கள். அதில் எந்த வேலை செய்தார்கள், எத்தனை கிராம் எடை போட்டார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டாம் சுழற்சியின் திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புது டயர் வாங்கினால், அதன் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதிக் குறியைப் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. திரையின் படத்தையும் பில்லையும் ஒன்றாக வைத்திருங்கள்.

உதறல் நீங்காவிட்டால் பில்லோடு அதே கடைக்குத் திரும்பிப் போய் மறுபடி சரிசெய்யக் கேளுங்கள். மறுத்தால், வேறு கடையில் சக்கரத்தைச் சுழற்றி, வந்த அளவை எழுத்தில் வாங்குங்கள். அதுவே உங்கள் சாட்சி. புது டயரிலேயே குறை என்றால் விற்பனையாளர் மூலம் தயாரிப்பு நிறுவனத்திடம் வாரன்டி கோருங்கள். கோரிக்கையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

அதற்கும் பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அடுத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். வழக்கறிஞர் கட்டாயமில்லை. கொடுத்த பணம், மாற்றுப் பொருள், ஏற்பட்ட இழப்புக்கு ஈடு ஆகியவற்றைக் கோரலாம்.

டயர் மாற்றும்போதும், டயரைக் கழற்றிப் பஞ்சர் ஒட்டும்போதும், மற்றபடி சுமார் 10,000 கி.மீ.க்கு ஒருமுறையும் பாலன்சிங் பார்த்துவிடுங்கள். வேலை முடியும்வரை சக்கரத்தின் அருகிலேயே நில்லுங்கள். கேட்கும் வாடிக்கையாளர் பெருகினால் இரண்டாம் சுழற்சியை எந்தக் கடையும் விடாது. அதனால் பயனடைபவர் நீங்கள் மட்டுமல்ல, கேட்கத் தெரியாமல் உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவரும்தான்.