ரிட்டயர் ஆன அப்பா சும்மா இருந்தால் ஏன் உறுத்துகிறது?

கருமத்தம்பட்டியில் தறிச் சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும். சோமனூர், பல்லடம் என நீளும் இந்த விசைத்தறிப் பகுதியில் கூலி பெரும்பாலும் மீட்டர் கணக்கு. பாவு நூல் அறுந்தாலோ, கரன்ட் போனாலோ தறி நிற்கும். நின்ற நேரத்துக்குக் காசு இல்லை. முப்பது வருஷம் இப்படி ஓட்டியவருக்கு அமைதி என்றாலே நஷ்டம்தான். அவரைத் திண்ணையில் உட்காரச் சொன்னால் எப்படி உட்காருவார்?

அரசு வேலைக்காவது ஒரு தேதி உண்டு. தமிழ்நாட்டில் 58 ஆக இருந்த ஓய்வு வயது 2020-ல் 59, 2021-ல் 60 ஆனது. தறி ஓட்டுபவருக்கு முட்டி வலிதான் ரிட்டயர்மென்ட் ஆர்டர்.

தேதி இருப்பவர்களும் நிம்மதியாக இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் எக்கர்ட் 1986-ல் இதற்கு ‘பிஸி எதிக்’ என்று பெயர் வைத்தார். ஓய்வு பெற்றவர் ‘எனக்கு நேரமே இல்லை’ என்று சொன்னால்தான் ஊர் மதிக்கிறது. அவரும் தன்னை மதிக்கிறார். வேலையை விட்டாலும் அது பழக்கிய ஒழுக்கம் விடுவதில்லை.

நம்ம ஊரில் இது ‘என்னங்க, சும்மாவே உக்காந்திருக்கீங்க?’ என்று வரும். நல்ல மனசோடு கேட்பதுதான். ஆனால் பெரியவர் உடனே எழுந்து எதையாவது துடைக்க ஆரம்பிப்பார்.

பிள்ளைகளும் சளைத்தவர்கள் இல்லை. ‘சும்மாதானேப்பா இருக்கீங்க’ என்று ரேஷன் கடை, கரன்ட் பில், பேரனை ஸ்கூலில் விடுவது எல்லாம் அவர் தலையில் வந்து சேரும். சிலது அவருக்கே பிடித்திருக்கலாம், கேட்டால் தெரியும். மதியம் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தால் ‘உடம்பு சரியில்லையாப்பா?’ என்று எழுப்பாதீர்கள். கரன்ட் பில்லை நீங்களே போனில் கட்டிவிடலாம். இரண்டு நிமிஷ வேலை.