வெயிலில் மின்னேற்றும் சைக்கிள்: பேட்டரியைப் பார்த்து வாங்குவது எப்படி?



சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் அண்ணன் மகன் தன் மின்சைக்கிளின் பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். "சித்தப்பா, இது ஏன் பெட்டிக்குள் சரியாக உட்கார மாட்டேன் என்கிறது?" என்று கேட்டான். வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் உப்பியிருந்தது.

பழைய பேட்டரி பலவீனமாகிவிட்டதால், இணையத்தில் பாதி விலைக்குக் கிடைத்த ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறான். இரண்டு மாதமாக ஒவ்வோர் இரவும் வாசற்கதவுக்குப் பக்கத்தில் வைத்து மின்னேற்றியிருக்கிறான். அறைக்குள் மனைவியும் மூன்று வயதுக் குழந்தையும் தூங்குகிறார்கள். அந்தக் கதவுதான் அவர்கள் வெளியே வர இருக்கும் ஒரே வழி.

2019 ஜூலையில் புக்கிட் பாத்தோக் வீவக வீடு ஒன்றில் மின்ஸ்கூட்டர் தீயில் ஒருவர் உயிரிழந்தார். 2021 ஜூன் மாதம் உட்லண்ட்சில், மின்தூக்கிக்குள் மின்சைக்கிள் தீப்பற்றி, 20 வயது இளைஞர் ஒருவர் மாண்டார். இவை நம் ஊரில் நடந்தவை. ஆகவே பேட்டரியைத் தேர்ந்தெடுப்பதை வெறும் விலைக் கணக்காக நினைக்க வேண்டாம்.

எவ்வளவு பெரிய பேட்டரி?

"விரலுக்குத் தகுந்த வீக்கம்" என்பார்கள். பேட்டரியின் அளவை உங்கள் பயணத் தூரம்தான் தீர்மானிக்க வேண்டும்.

வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் 360 வாட்-மணி இருக்கிறது. நாமும் பெடலை மிதித்துச் சென்றால், ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 10 வாட்-மணி செலவாகும் என்று வைத்துக்கொள்ளலாம்.

அண்ணன் மகன் ஈசூனிலிருந்து உட்லண்ட்ஸ் தொழிற்பேட்டைக்குப் போகிறான். ஒரு வழிக்கு 8 கிலோமீட்டர், போக வர 16. அப்படியானால் நாளொன்றுக்கு 160 வாட்-மணி தேவை. எதிர்க்காற்று, மேம்பாலம், வயதாகி பேட்டரி இளைப்பது ஆகியவற்றையும் சேர்த்து இரண்டு மடங்காக வைத்தாலும் 320-தான். 360 வாட்-மணியே அவனுக்குத் தாராளம். 720 வாட்-மணி வாங்கினால் விலையும் எடையும் கூடும். தீப்பற்றினால் எரியக்கூடிய ஆற்றலும் வீட்டுக்குள் இரு மடங்காகும்.

எடைக்கும் ஒரு வரம்பு உண்டு. சிங்கப்பூரில் மின்சைக்கிள் பேட்டரியோடு சேர்த்து 20 கிலோகிராமுக்கு மேல் போகக்கூடாது. மோட்டார் 250 வாட்டைத் தாண்டக்கூடாது. பெடலை மிதித்தால்தான் அது உதவ வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் உதவி நின்றுவிட வேண்டும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் முத்திரையும் பதிவெண்ணும் அவசியம். 2022 ஜனவரியிலிருந்து ஓட்டுநர் எழுத்துத் தேர்வில் தேறியிருக்கவும் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட சைக்கிளை நம் இஷ்டத்துக்கு மாற்றியமைப்பது குற்றம். ஆகவே மாற்று பேட்டரி வேண்டுமென்றால், அந்தச் சைக்கிளைத் தயாரித்தவர் குறிப்பிட்ட ரகத்தையே வாங்குங்கள்.

எந்த வகை?

ஈய அமில பேட்டரி மலிவு. ஆனால் 360 வாட்-மணிக்குப் பத்து கிலோவுக்கு மேல் கனக்கும். 20 கிலோ வரம்புக்குள் அது அடங்குவது கடினம்.

லித்தியத்தில் இரண்டு வகை பரவலாக உண்டு. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்தது எடை குறைவு. பல நூறு முறை மின்னேற்றலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் சற்றுக் கனமானது. ஆனால் சூட்டை அதிகம் தாங்கும், ஆயிரக்கணக்கான முறை மின்னேற்றலாம்.

இங்கேதான் அண்ணன் மகன் ஏமாந்தான். இரண்டு வகையிலும் "36 வோல்ட்" என்றே எழுதியிருக்கும். முதல் வகையில் பத்து செல்கள் வரிசையாக இருக்கும்; முழுதாக ஏறினால் 42 வோல்ட். இரண்டாவது வகையில் பன்னிரண்டு செல்கள். முழுதாக ஏறினால் 43.8 வோல்ட். அவனுடைய பழைய பேட்டரி இரண்டாவது வகை. புதிதாக வாங்கியது முதல் வகை. செருகி பொருந்தியதால் பழைய மின்னேற்றியையே பயன்படுத்தினான். 4.2 வோல்ட்டோடு நிற்க வேண்டிய செல்கள் ஒவ்வோர் இரவும் அதற்கு மேல் அழுத்தப்பட்டன. அளவு மீறினால் துண்டிக்க வேண்டிய பாதுகாப்புச் சுற்றும் அந்த மலிவுப் பொருளில் சரியாக வேலை செய்யவில்லை.

ஆகவே மின்னேற்றியின் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டையும், பேட்டரி முழுதாக ஏறும்போது இருக்க வேண்டிய வோல்ட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். செருகி பொருந்துகிறது என்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

வெயில் எவ்வளவு தரும்?

சிங்கப்பூரில் சராசரியாக ஒரு நாளில் நான்கு மணி நேர முழு வெயிலுக்குச் சற்று அதிகமான ஒளி கிடைக்கிறது. தரைவீட்டின் மொட்டைமாடியில் வைத்த 100 வாட் தகடு அதில் 400 வாட்-மணி கொடுக்கும். தகட்டின் சூடு, கருவிகளின் இழப்பு எல்லாம் போக, சைக்கிளுக்குச் சுமார் 250 வந்து சேரும். நமக்குத் தேவை 160. டிசம்பர், ஜனவரி மழை நாட்களில் அதுவே பற்றாமல் போகும்.

வீவக வீட்டில் நிலைமை வேறு. என் பால்கனிக்கு மேற்கு வெயில் மட்டும்தான். தடுப்புக்கு உள்ளே வைத்த தகட்டில், மொட்டைமாடியில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குகூடச் சில நாட்களில் வருவதில்லை. அதற்காகத் தகட்டை வெளியே தொங்கவிடாதீர்கள். கீழே நடப்பவர் தலையில் விழுந்தால் என்னாவது?

இன்னொரு சிக்கலும் உண்டு. வெயில் அடிக்கும் நேரத்தில் சைக்கிள் வேலையிடத்தில் நிற்கிறது! ஆகவே பகலில் தகட்டிலிருந்து ஒரு மின்சேமிப்புப் பெட்டிக்கு மின்சாரம் ஏற வேண்டும். மாலையில் வீடு திரும்பியதும், சைக்கிளோடு வந்த மின்னேற்றியை அந்தப் பெட்டியில் செருக வேண்டும். தகட்டின் கம்பியை நேராக பேட்டரியோடு இணைக்கவே கூடாது. மேகம் போய் வெயில் வரும்போதெல்லாம் அதன் மின்னழுத்தம் ஏறி இறங்கும். தகடு வெயிலில் இருக்கட்டும். பெட்டியும் பேட்டரியும் நிழலில் இருக்கட்டும். லித்தியம் பேட்டரியை 45 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் மின்னேற்றக் கூடாது.

உண்மையில் மிச்சம் எது?

160 வாட்-மணி ஏற்ற, இழப்போடு சேர்த்து 0.2 யூனிட் செலவாகும். யூனிட் சுமார் 30 காசு என்றால் நாளைக்கு 6 காசு. ஆண்டில் 250 வேலை நாட்களுக்கு 15 வெள்ளி! தகட்டையும் பெட்டியையும் அதற்காக வாங்கினால் போட்ட பணம் எளிதில் திரும்பாது. தூய்மையான மின்சாரம் வேண்டும் என்ற விருப்பத்தில் வாங்குங்கள். அது நல்ல விருப்பம். ஆனால் பணம் மிச்சமாவது, பல நூறு வெள்ளி பேட்டரியை நீண்ட நாள் காப்பாற்றுவதில்தான்.

அதற்கு வழி எளிது. விழித்திருக்கும்போது மின்னேற்றுங்கள், 160 வாட்-மணிக்கு 2 ஆம்பியர் மின்னேற்றி சுமார் இரண்டரை மணி நேரம்தான் எடுக்கும். ஏறியதும் செருகியைக் கழற்றுங்கள். வாசற்கதவு, தாழ்வாரம், சோபா, மெத்தை ஆகியவற்றின் அருகே வேண்டாம். உப்பல், வாடை, அதிகச் சூடு எது தெரிந்தாலும் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். அதைக் குத்தாதீர்கள், குப்பைக் குழாயில் போடாதீர்கள். மின்கழிவு சேகரிப்பவர்களிடம் முன்கூட்டியே கேட்டு ஒப்படையுங்கள்.

அண்ணன் மகன் அந்த பேட்டரியை அப்படித்தான் ஒப்படைத்தான். இரண்டு மாதம் பஸ்ஸில் போய்ப் பணம் சேர்த்து, சைக்கிளுக்கு உரிய பேட்டரியையும் அதற்கான மின்னேற்றியையும் வாங்கினான். இப்போது இரவுச் சாப்பாட்டு நேரத்தில்தான் மின்னேற்றுகிறான். சாப்பிட்டு முடித்ததும் குழந்தை ஓடிப்போய், "அப்பா, பச்சை விளக்கு வந்துவிட்டது" என்று சொல்லும். அவன் எழுந்து போய்க் கழற்றுவான். பிறகுதான் தூக்கம்.

உங்கள் வீட்டிலும் மின்சைக்கிள் இருந்தால், இன்றிரவே அந்த மின்னேற்றியில் எழுதியிருப்பதை ஒருமுறை படித்துப் பாருங்கள்.