ஓய்வில் கெடும் எஞ்சின்

பட்டிப்பொல ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,890 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இலங்கையில் இதைவிட உயரமான ரயில் நிலையம் கிடையாது. நானுஓயா, அம்பேவெல என்று ஏறி வரும் பயணிக்கு முதலில் உறைப்பது குளிர். பெற்றோல் எஞ்சினுக்கு உறைப்பது காற்றின் மெலிவு. கொழும்புக் கடற்கரையில் உள்ள காற்றழுத்தத்தில் ஐந்தில் நான்கு பங்குதான் இங்கே இருக்கிறது.

நுவரெலியாவின் கிரகரி வாவியும் ஏறத்தாழ இதே உயரத்தில்தான் கிடக்கிறது. ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல் உருவான வாவி அது. கரையோர மீனவர் படகின் பின்புறம் பூட்டும் எஞ்சின் ஒன்றை அப்படியே மேலே கொண்டுவந்து இந்த வாவியில் இறக்கினால், அது முன்பு போல ஓடாது. புகை கூடும், பிளக் கரி பிடிக்கும், இழுவை குறையும். பழுது எதுவும் இல்லாமலே இத்தனையும் நடக்கும்.

காரணம் காபரேட்டர் வேலை செய்யும் விதம். அதன் நடுவே ஒடுங்கிய தொண்டை ஒன்று உண்டு. அந்த ஒடுக்கத்தில் காற்று வேகம் எடுக்கும்; வேகம் எடுத்த இடத்தில் அழுத்தம் விழும்; அந்தத் தாழ்வு, கீழே உள்ள சிறு கிண்ணத்திலிருந்து பெற்றோலை ஜெட் என்ற ஊசித்துளை வழியாக மேலே இழுக்கும். 1738இல் பெர்னூலி எழுதியதும், 1797இல் வென்டூரி சோதித்துக் காட்டியதும் இந்த உண்மையைத்தான். பம்பும் இல்லை, கணினியும் இல்லை. காற்று தன் உணவைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. இத்தனை எளிமையான கருவி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உலகத்தின் வண்டிகளையும் படகுகளையும் ஓட்டியிருக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.

ஆனால் அந்தத் தொண்டைக்குக் காற்றின் வேகம் தெரியும், எடை தெரியாது. ஒரு கிராம் பெற்றோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். மலைக்காற்று ஒவ்வொரு மிடறிலும் எடை குறைந்து வருகிறது. பெற்றோல் அதே அளவுக்குக் குறைவதில்லை. ஆகவே இந்த உயரத்தில் கலவையில் பெற்றோல் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூடிப்போகிறது. இதற்கு மருந்து, துளை சிறிய ஜெட். அதைப் போட்டவர் ஒன்றை மறக்கக் கூடாது. அதே எஞ்சினை நீர்கொழும்புக்கோ மன்னாருக்கோ திரும்ப இறக்கும்போது பழைய ஜெட்டை மாட்டியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அங்கே கனத்த காற்றுக்குப் பெற்றோல் போதாது. சூடு ஏறி பிஸ்டன் இறுகிவிடும்.

உயரத்தின் தொல்லை இவ்வளவுதான். இதைவிடக் கூடுதலான எஞ்சின்களைக் கெடுப்பது, அவை ஓடாமல் சும்மா இருக்கும் காலம்.

நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் முடிந்து மழை பிடித்ததும் வாவிப் படகுகளில் கூட்டம் குறைகிறது. எஞ்சினை நிறுத்தி மூடி வைக்கிறார்கள். கிண்ணத்தில் மீந்த பெற்றோல் அங்கேயே தங்குகிறது. பெற்றோல் ஒரே பொருள் அல்ல. நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கலவை. எளிதில் ஆவியாகும் பகுதிதான் குளிர்காலையில் எஞ்சினைக் கிளப்பித் தருவது. முதலில் பறந்துபோவதும் அதுவே. மிச்சம் இருப்பது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து, போத்தல் வாயில் காய்ந்த கித்துள் பாணி போல, பழுப்பாகப் பிசுபிசுக்கத் தொடங்கும். எஞ்சின் ஓயில் கலந்த பெற்றோல் என்றால் ஓயிலும் அடியில் தங்கும். ஜெட் துளை ஒரு மில்லிமீற்றர்கூட இருக்காது. அது முழுதாக அடைபடவும் தேவையில்லை. சற்றுச் சுருங்கினாலே போதும், எஞ்சின் மெதுவோட்டத்தில் நின்றுபோகும்.

தண்ணீர் இன்னொரு பகை. அரைகுறையாக நிரம்பிய டாங்கி பகலில் காற்றை வெளிவிட்டு, இரவில் ஈரக்காற்றை உள்ளே இழுக்கிறது. பனிமூட்டம் விலகாத பட்டிப்பொல போன்ற ஊரில் அந்த ஈரம் உட்சுவரில் துளியாகப் படியும். தண்ணீர் பெற்றோலைவிடக் கனம்; அடியில் இறங்கி, கிண்ணத்தின் உலோகத்தை வெள்ளைப் பொடியாக அரிக்கும். தமிழ்நாட்டு வாசகர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். இந்தியாவில் இப்போது 20 சதவீத எத்தனோல் கலந்த பெற்றோல் விற்கிறார்கள். எத்தனோல் ஈரத்தை ஈர்க்கும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து கீழே இறங்கிவிடும்.

2022ஆம் ஆண்டு இலங்கையின் எரிபொருள் வரிசைகளை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். கிடைத்த பெற்றோலைக் கேனில் பூட்டி வைத்தோம். அன்றைய நெருக்கடியில் அது நியாயம்தான். ஆனால் மாதக்கணக்கில் கிடந்த பெற்றோல் எஞ்சினுக்கு நல்லதல்ல. கேனில் வாங்கிய திகதியை எழுதி வையுங்கள். பழையது முதலில் செலவாகட்டும்.

கடற்கரை மீனவர்கள் நல்ல பழக்கம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினைப் பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெற்றோலுக்குத் திருப்புவார்கள். அடுத்த முறை கிளப்பும்போது கிண்ணத்தில் பெற்றோல் இருக்க வேண்டும் என்ற கணக்கு.

மலையில் அந்தப் பழக்கத்தை ஒரு படி நீட்டிக்கொள்ளலாம். சில வாரங்களுக்கு எஞ்சின் ஓடாது என்று தெரிந்தால், டாங்கியின் குழாயைக் கழற்றிவிட்டு, மெதுவோட்டத்தில் தானாக நிற்கும் வரை விடுங்கள். எஞ்சினின் கீழ்ப்பகுதி தண்ணீரில் இருக்கும்போது மட்டுமே இதைச் செய்ய வேண்டும். வறண்ட தரையில் ஓட்டினால் குளிர்விக்கும் பம்பின் இறப்பர்ச் சக்கரம் கருகும். பிறகு கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து, எஞ்சியதைத் திறந்த வெளியில், நெருப்புக்கு எட்டத்தில் வடித்துவிடுங்கள். பெற்றோலின் ஆவி காற்றைவிடக் கனமாதலால் படகின் அடியில் தேங்கி நிற்கும். பெற்றோல் கெடாமல் காக்கும் மருந்து கடையில் கிடைக்கும். புதுப் பெற்றோலில் கலந்தால்தான் பலன். ஏற்கெனவே கெட்டுப்போனதை அது திருத்தாது. டாங்கிக்கும் எஞ்சினுக்கும் நடுவே தண்ணீர் பிரிக்கும் பில்டர் போடுவதும் வீண்செலவல்ல.

அடைபட்ட ஜெட்டைக் கம்பியால் குத்துவதை நான் அடியோடு எதிர்க்கிறேன். பித்தளை மென்மையானது, துளை கொஞ்சம் விரிந்தாலும் அந்த ஜெட்டின் அளவு போய்விட்டது. காபரேட்டர் கழுவும் திரவத்தில் ஊறவைத்து, காற்றால் ஊதுங்கள்.

படகு இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். பட்டிப்பொலத் தோட்டங்களில் கரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் நீர் இறைக்கும் பம்பிலும் இருப்பது இதே காபரேட்டர்தான். மழைக்காலத்தில் பம்பை மூலையில் வைக்குமுன், அதன் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள்.