திருக்குறளில் ஏழு என்னும் எண்: அமைப்பும் பொருண்மையும்

ஆய்வுச் சுருக்கம்

திருக்குறள் ஏழு என்னும் எண்ணை அடிப்படையாகக் கொண்டு அமைக்கப்பட்டது என்னும் கருத்து மேடைப் பேச்சுகளிலும் தேர்வுக் குறிப்புகளிலும் பரவலாக வழங்குகிறது. எபிரேய மறைநூலின் எண்ணமைப்புப் பற்றி நிகழ்ந்த விவாதத்துடன் ஒப்பிட்டு இக்கருத்தின் வலிமையை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: திருக்குறள், அகநானூறு, எபிரேய மறைநூல், எண்ணமைப்பு, செம்பதிப்பு

முன்னுரை

1937ஆம் ஆண்டு தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியும், 41 செவ்வியல் நூல்களுக்குச் செம்பதிப்பு உருவாக்கும் திட்டத்தை மேற்கொண்ட பெரும்பாக்கம் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனமும் சென்னையின் தென்புறநகரில் அமைந்துள்ளன. செம்பதிப்புப் பணியில் எண்ணமைப்பு வெறும் வியப்புக்குரிய செய்தியன்று. நூலாசிரியரோ தொகுத்தவரோ ஓர் எண் ஒழுங்கைக் கருதியே நூலை அமைத்தார் என்று நிறுவப்படின், அது பாடல்களின் வைப்புமுறையைத் தீர்மானிக்கும் சான்றாகிவிடும். ஆகவே எவ்வகை எண்ணமைப்பைச் சான்றாகக் கொள்ளலாம் என்பதைத் தெளிவுபடுத்துதல் இன்றியமையாதது.

எபிரேய மறைநூல் விவாதம்

எபிரேய மறைநூலில் ஐயத்திற்கிடமில்லாத எண்ணமைப்புகள் உள்ளன. 119ஆம் திருப்பாடல் 22 பகுதிகளையும், பகுதிக்கு எட்டாக 176 அடிகளையும் கொண்டது. எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளும் வரிசைமுறையில் ஒவ்வொரு பகுதிக்கும் முதலெழுத்தாகின்றன. ஒரு பகுதியின் எட்டு அடிகளும் அப்பகுதிக்குரிய எழுத்திலேயே தொடங்குகின்றன. இவ்வமைப்புக்கான விதி நூலிலேயே வெளிப்படையாக உள்ளது.

இதனின் வேறுபட்டது மறைகுறிக் கொள்கை. தொடக்கநூலில் சம இடைவெளியில் எழுத்துகளைத் தெரிந்தெடுத்தால் பிற்கால யூத அறிஞர்களின் பெயர்களும், அவர்களின் பிறப்பு, இறப்பு நாள்களும் அருகருகே தோன்றுகின்றன என்று விட்சம், ரிப்ஸ், ரோசன்பெர்க் ஆகியோர் 1994இல் ‘ஸ்டாட்டிஸ்டிகல் சயின்ஸ்’ இதழில் எழுதினர். அதே இதழில் 1999இல் மக்கே உள்ளிட்ட நால்வர் மறுத்தனர். ஒரே அறிஞரின் பெயரைப் பலவாறு எழுதக்கூடிய நெகிழ்ச்சியே இம்முடிவுக்கு இடந்தந்தது என்பதையும், அந்நெகிழ்ச்சியைப் பயன்படுத்தினால் ‘போரும் அமைதியும்’ புதினத்தின் எபிரேய மொழிபெயர்ப்பிலும் இத்தகைய விளைவைப் பெறலாம் என்பதையும் அவர்கள் காட்டினர். விதி முன்னரே வரையறுக்கப்படாதபோது தேடுவோர் தேடியதைக் காண்பர் என்பதே இவ்விவாதம் தரும் பாடம்.

குறளும் ஏழும்

ஏழின் கொள்கைக்கு மூன்று சான்றுகள் காட்டப்படுகின்றன: குறளுக்குச் சீர் ஏழு, அதிகார எண்ணிக்கையான 133இன் இலக்கங்களைக் கூட்டினால் ஏழு, குறள்களின் எண்ணிக்கையான 1330இன் இலக்கங்களைக் கூட்டினாலும் ஏழு.

முதலாவது யாப்பின் இயல்பு. நாற்சீரும் முச்சீருமாக ஈரடியில் வருவது குறள் வெண்பாவின் இலக்கணம். ஔவைக் குறளுக்கும் அது பொருந்தும். எனவே திருக்குறளின் தனித்தன்மையாக அதனைக் கொள்ள இயலாது. பின்னிரண்டும் உண்மையில் ஒரே சான்று. எந்த எண்ணைப் பத்தால் பெருக்கினாலும் அதன் இலக்கக் கூட்டுத்தொகை மாறாது.

இதே முறையைத் தொடர்ந்து கையாண்டால் கொள்கை தளர்கிறது. பொருட்பாலின் 70 அதிகாரங்களும் காமத்துப்பாலின் 25 அதிகாரங்களும் ஏழைத் தருகின்றன. அறத்துப்பாலின் 38 பதினொன்றைத் தந்து, மீண்டும் கூட்ட இரண்டாகிறது. நூலின் மொத்தச் சீர்களாகிய 9310 பதின்மூன்றைத் தந்து நான்காகிறது. பொருந்துவன எடுத்துரைக்கப்படுகின்றன; பொருந்தாதன விடப்படுகின்றன.

மேலும், இலக்கங்களைக் கூட்டும் வழக்கம் இடமதிப்பு முறையைச் சார்ந்தது. பழந்தமிழ் எண்முறையில் 1330 என்பது ௲௩௱௩௰ என எழுதப்படும். ஆயிரம், நூறு, பத்து ஆகியவற்றுக்குத் தனிக்குறிகள் உள்ள அவ்வெழுத்துமுறையில் சுழியம் இல்லை. ஆயிரத்தின் முன் ஒன்று என்னும் குறியும் எழுதப்படுவதில்லை. இன்றைய எண் வடிவத்தில் தோன்றும் ஒழுங்கை வள்ளுவர் கருத்தாகக் கொள்ளத் தனிச்சான்று வேண்டும்.

கருதி அமைத்த எண்கள்

இதனால் தமிழில் எண்ணமைப்பே இல்லை என்று கொள்ளலாகாது. அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் அனைத்தும் பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி. 4 என முடிவன முல்லை. 6 என முடிவன மருதம். பத்தின் மடங்குகளாக வருவன நெய்தல். பாலை 200, குறிஞ்சி 80, ஏனைய மூன்றும் தலா 40 என்னும் பகுப்பு 400 பாடல்களிலும் பிறழாது நிற்கிறது. இவ்வொழுங்கு பாடிய புலவர்களுக்கு உரியதன்று, தொகுத்தவருக்கு உரியது.

2000 சனவரி 1 அன்று கன்னியாகுமரியில் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையின் பீடம் அறத்துப்பால் அதிகாரங்களைக் குறிக்கும் 38 அடி. சிலை ஏனைய இருபால்களைக் குறிக்கும் 95 அடி. இங்கு எண் பொருளுடையது. ஏனெனில் அமைத்தோர் அதனைக் கருதியே அமைத்தனர்.

முடிவுரை

விதி ஒன்றாக இருத்தல், விலக்கின்றிப் பொருந்துதல், அமைத்தோர் காலத்து எண்வழக்கோடு இயைதல் ஆகிய மூன்றும் பொருளுடைய எண்ணமைப்பின் அடையாளங்கள். அகநானூற்று வைப்புமுறை இவற்றை நிறைவு செய்கிறது. ஆதலின் ஒரு பாடலின் திணைக்கும் எண்ணுக்கும் முரண் தோன்றின் அங்குப் பதிப்பாசிரியர் ஐயுறலாம். குறளிலும் அதிகாரத்திற்குப் பத்து என்னும் வரையறை இத்தகையதே. மணக்குடவரும் பரிமேலழகரும் குறள் வைப்புமுறையில் வேறுபடினும் அவ்வெண்ணிக்கையில் வேறுபடவில்லை. ஏழின் கொள்கை இவ்வடையாளங்களைப் பெறவில்லை. அதனைக் குறளின் பெருமைக்குச் சான்றாக ஆய்வேடுகளில் எடுத்தாள்வது, சான்று தேவைப்படாத ஒரு பெருமையை வலுவற்ற சான்றின்மேல் நிறுத்துவதாகும்.