உஷார்! பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறீர்கள்

'ஏடிசி கோர்ஸ், ஒரே வருஷத்தில் சான்றிதழ், விமான நிலையத்தில் வேலை உறுதி' என்று யாராவது நோட்டீஸ் நீட்டினால், பெற்றோரே, பணத்தை எடுக்காதீர்கள். இந்தியாவில் எந்தத் தனியார் நிலையமும் தன் சான்றிதழைக் கொடுத்து ஒருவரை விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், அதாவது ஏடிசி, ஆக்கிவிட முடியாது. சிவில் விமான நிலையங்களில் அந்த வேலைக்கு ஆள் எடுப்பது இந்திய விமான நிலைய ஆணையம், அதாவது ஏஏஐ. எடுத்த ஆளுக்குப் பயிற்சி கொடுப்பதும் அதுதான். பெங்களூரு, ஹைதராபாத் விமான நிலையங்கள் தனியார் நிர்வாகத்தில் இருக்கின்றன. ஆனால் அங்கேயும் விமானங்களுக்கு உத்தரவு கொடுப்பவர்கள் ஏஏஐ ஆட்களே. ராணுவத் தளங்கள் தனிக் கணக்கு.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஏடிசி பணிக்கு விண்ணப்பிக்க, இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்சி. பட்டம் வேண்டும், இல்லையென்றால் ஏதாவது ஒரு பருவத்திலாவது அந்த இரண்டு பாடங்களும் இருந்த பொறியியல் பட்டம் வேண்டும். 'ஏவியேஷன்' என்ற பெயரில் கவர்ச்சியான பட்டப்படிப்பில் சேர்ந்து மூன்று வருடம் படித்துவிட்டு, அதில் இந்தப் பாடங்கள் இல்லாததால் விண்ணப்பமே போட முடியாமல் நிற்கும் நிலை உங்கள் பிள்ளைக்கு வேண்டாம். கல்லூரியில் சேரும் முன்பே பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். வயது வரம்பு 27. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. தவறான பட்டத்தில் போன மூன்று வருடம் திரும்பி வராது.

சரியான பட்டம் இருக்கிறது, தேர்வுக்கும் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் அடுத்த எச்சரிக்கை உங்களுக்கு. 2022இல் 400 இடங்கள், 2023இல் 496, 2025இல் 309. நாடு முழுவதற்கும் சேர்த்தே இவ்வளவுதான். ஆள் எடுப்பதற்கு நிலையான கால அட்டவணையும் கிடையாது. எழுத்துத் தேர்வு இரண்டு மணி நேரம், 120 கேள்விகள், அதில் பாதி இயற்பியலும் கணிதமும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாததால் எல்லோருமே எல்லாக் கேள்விக்கும் விடை எழுதுவார்கள். கட்-ஆஃப் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோச்சிங் சென்டர்கள் உங்களை இந்த இடம் வரைதான் கொண்டுவந்து விடும். உண்மையான சோதனை இதற்குப் பிறகுதான். குரல் தேர்வு உண்டு: ஆங்கிலத்தில் தெளிவாக, திக்காமல், சொற்களை விழுங்காமல் வாசிக்க வேண்டும். மனநலத் தேர்வு உண்டு, போதைப்பொருள் பரிசோதனை உண்டு, உடல் தகுதித் தேர்வும் உண்டு. நிறக்குருடு இருப்பதே தெரியாமல் வளர்ந்த பையன்கள் ஏராளம். ரேடியோ செயலிழந்தால் கோபுரத்திலிருந்து சிவப்பு, பச்சை, வெள்ளை விளக்கைக் காட்டித்தான் விமானிக்குச் சைகை கொடுக்கிறார்கள். நிறம் பிரித்தறிய முடியாதவரை அங்கே எப்படி உட்கார வைப்பார்கள்? கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன் ஒரு கண் மருத்துவரிடம் போய், நிறக்குருடைக் கண்டுபிடிக்கும் இஷிஹாரா அட்டை பார்த்துவிடுங்கள். செவித்திறனையும் சோதித்துவிடுங்கள். சில நூறு ரூபாயில் முடிகிற இந்த வேலையை ஒத்திப்போட்டு, இரண்டு வருட உழைப்பை மருத்துவரின் மேஜையில் இழக்காதீர்கள்.

எல்லாம் தாண்டி நியமன ஆணை வந்துவிட்டதா? ஊரில் இனிப்பு கொடுத்தாயிற்றா? நான் மிகவும் கவலைப்படுவது இந்த இடத்தில்தான். பணியில் சேரும்போது 7 லட்சம் ரூபாய்க்கு உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். இடையில் விட்டுப் போனால் அந்தத் தொகை கழுத்தைப் பிடிக்கும். உங்களுக்கு இந்த வேலை வருமா, வராதா என்பது பெரும்பாலும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரியவரும். ஐரோப்பாவில் ஃபீஸ்ட் என்ற திறனறித் தேர்வை முதலிலேயே வைத்து, ஒரே நேரத்தில் பல விஷயங்களைக் கவனிக்கத் தெரிந்தவரா என்று பார்த்து வடிகட்டுகிறார்கள். நம் எழுத்துத் தேர்வு பெரிதும் பார்ப்பது இயற்பியலையும் கணிதத்தையும். அதில் முதல் வரிசையில் வந்தவர் சிமுலேட்டர் முன் உட்கார்ந்ததும் தடுமாறுவதில் ஆச்சரியம் இல்லை. அங்கே தேவைப்படுகிற திறமையே வேறு.

பிரயாக்ராஜ் பம்ரௌலியில் 1948 முதல் இயங்கும் பயிற்சிக் கல்லூரியோ, ஹைதராபாத் மையமோ, எங்கே போனாலும் திரையில் நகரும் புள்ளிகள் உங்களுக்காகக் காத்திருக்காது. ஜெட் விமானம் நிமிடத்துக்குச் சுமார் 8 கடல் மைல் பறக்கிறது. ரேடாரில் பார்த்துக் கட்டுப்படுத்தும் வான்பாதைகளில் இரண்டு விமானங்களுக்கிடையே வழக்கமாக 5 கடல் மைல் இடைவெளி வேண்டும், அல்லது உயரத்தில் 1000 அடி வித்தியாசம் வேண்டும். ஒரே உயரத்தில் எதிரெதிராக வந்தால் அந்த 5 மைல் இருபது வினாடிகூடத் தாங்காது. அதற்குள் பார்த்து, கணக்கிட்டு, சரியான சொல்லில் உத்தரவு கொடுத்து, விமானி அதைச் சரியாகத் திருப்பிச் சொன்னாரா என்று கேட்டு, அடுத்த விமானத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். எல்லா விமானங்களும் எங்கே, எவ்வளவு உயரத்தில் என்று மனதில் ஓடும் சித்திரத்தை இந்தத் துறையில் 'பிக்சர்' என்பார்கள். பிக்சர் ஒருமுறை கலைந்தால், அடுத்த நிமிடத்தில் வாய் திறக்காமல் உறைந்து போகிறவர்கள் உண்டு. விதிப் புத்தகத்தை நெட்டுருப் போட்டுத் தேறலாம். இதை நெட்டுருப் போட முடியாது.

பயிற்சிக் கல்லூரியில் தேறினால்கூட நீங்கள் இன்னும் கட்டுப்பாட்டாளர் இல்லை. போஸ்டிங் கிடைத்த நிலையத்தில் மூத்தவர் ஒருவரின் கண்காணிப்பில் உண்மையான விமானங்களை வைத்துப் பழக வேண்டும். சர்வதேச விதிப்படி கோபுரப் பணிக்குக் குறைந்தது 90 மணி நேரம் அல்லது ஒரு மாதம், நிலையத்தை நெருங்கும் விமானங்களைப் பார்க்கும் அப்ரோச், வான்பாதைகளைப் பார்க்கும் ஏரியா பணிகளுக்கு 180 மணி நேரம் அல்லது மூன்று மாதம். இரண்டில் எது அதிகமோ அது. பிறகு தேர்வு, பிறகுதான் தனியாகப் பணி செய்ய அனுமதிக்கும் ரேட்டிங். ரேட்டிங் அந்த நிலையத்துக்கு மட்டும்தான். சென்னையில் வாங்கியதை வைத்துக்கொண்டு கொல்கத்தாவில் மைக்கை எடுக்க முடியாது. மாற்றல் வந்தால் மறுபடி பழக வேண்டும். ஆறு மாதம் பணி செய்யாமல் இருந்தால் இருப்பதும் செல்லாது.

தேறாதவர் கணக்கை வெளிப்படையாகப் பேசும் நாடு அமெரிக்கா. 31 வயதுக்குள் இருப்பவர்களைத் திறனறித் தேர்வில் சலித்து, மருத்துவப் பரிசோதனை முடித்து, ஓக்லஹோமா சிட்டி அகாடமிக்கு அனுப்புகிறார்கள். அப்படிப் பொறுக்கி எடுத்தவர்களிலேயே நூற்றுக்கு 30 பேருக்கு மேல் அங்கே தோற்றுப் போகிறார்கள். தேறியவர்களிலும் ஒரு பகுதியினர் பணியிடப் பயிற்சியில் கழிந்து போகிறார்கள். ஆள் பற்றாக்குறையால் தவிக்கும் நாடு அது. அப்படியும் தரத்தைத் தளர்த்திக் கொடுக்கவில்லை.

தளர்த்தவும் கூடாது. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். கட்டுப்பாட்டாளர் கஜகஸ்தான் விமானத்துக்குச் சொன்ன உயரம் 15,000 அடி. அது அதற்கும் கீழே இறங்கிவிட்டது. அந்த விமானிகளின் ஆங்கிலப் புரிதல் விசாரணையில் பெரிய கேள்வியானது. இன்று விமானியானாலும் கட்டுப்பாட்டாளரானாலும் சர்வதேச ஆங்கிலத் தரத்தில் குறைந்தது 4ஆம் நிலை கட்டாயம். தமிழ் வழியில் படித்த பிள்ளைகளே, இது உங்களைத் தடுக்கும் சுவர் இல்லை. ஆனால் இன்றே வாய் திறந்து பேசிப் பழகாவிட்டால் சுவராகிவிடும்.

ஆசைப்படாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல சம்பளம், மதிப்புள்ள வேலை, தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு எட்டக்கூடிய வேலை. ஆனால் விண்ணப்பிக்கும் முன் மூன்று பேரிடம் பேசுங்கள்: கண் மருத்துவர், கல்லூரிப் பாடத்திட்டம் தெரிந்த பேராசிரியர், இரவு ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கட்டுப்பாட்டாளர். ஆள் எடுக்கும் அறிவிப்பை ஏஏஐயின் சொந்த இணையதளத்தில் மட்டும் பாருங்கள். விண்ணப்பக் கட்டணத்தைத் தவிர வேறு எந்தப் பெயரில், எவர் பணம் கேட்டாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.